பழைய கார் எஞ்சின்களின் டக்டக் சத்தமும் வால்வையே தூக்கி எறிந்த சைலன்ட் நைட்டும்

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் மூன்று கேள்வி வருகிறது. 1930-க்கு முந்தைய கார்களில் இயந்திரச் சத்தத்தைக் குறைக்கச் செய்த சோதனைகளில் 'சைலன்ட் நைட்' எஞ்சின் நிஜமாகவே சத்தமில்லாமல் ஓடியதா? ஓடியது என்றால் ஏன் இன்று யாரும் அதைச் செய்வதில்லை? பழைய காரைச் சீரமைக்கும்போது டேப்பெட் கேப்பை, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் டேப்பெட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை, இறுக்கி டக்டக் சத்தத்தைக் குறைக்கலாமா? கடைசிக் கேள்விக்கு மட்டும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்: கூடாது. காரணம் கீழே வரும், முதல் இரண்டுக்கும் பதில் சொன்னால்தான் அது புரியும்.

முதலில் எந்தச் சத்தத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெளிவாக வைத்துக்கொள்வோம். புகைக்குழாய் வழியே வரும் சத்தத்துக்கு சைலன்சர் போதும், அது பெரிய சிக்கல் இல்லை. பானெட்டைத் திறந்தால் காதில் விழும் டக்டக், கடகட, கிர்ர் எல்லாம்தான் இயந்திரச் சத்தம். இரண்டு உலோகப் பாகங்களுக்கு நடுவே ஒரு இடைவெளி இருக்கும். ஒன்று அந்த இடைவெளியைக் கடந்து வந்து மற்றொன்றை அடிக்கும். இந்தச் சத்தங்களில் முக்கால்வாசி இப்படி வருவதுதான். ஆகவே சத்தத்தைக் குறைக்க வழியும் இரண்டே: இடைவெளியைக் குறை, அல்லது அடி விழும் வேகத்தைக் குறை. நைட் என்பவர் மூன்றாவதாக ஒன்றை யோசித்தார், அடிக்கும் பாகத்தையே எடுத்துவிடுவது என்று.

சாதாரண பாப்பெட் வால்வில், அதாவது சிலிண்டருக்குள் பெட்ரோல் கலவையை விடவும் புகையை வெளியேற்றவும் இன்றைக்கும் ஏறக்குறைய எல்லா பெட்ரோல், டீசல் கார்களிலும் இருக்கிற காளான் வடிவ வால்வில், இடைவெளி ஏன் தேவைப்படுகிறது? எஃகு 100 மி.மீ. நீளத்துக்கு 100 டிகிரி சூடு ஏறினால் சுமார் 0.12 மி.மீ. நீளும். எக்ஸாஸ்ட் வால்வின் தண்டு அதைவிட அதிகமாகவே சூடாகும். குளிர்ச்சியாக இருக்கும்போது டேப்பெட்டும் வால்வும் ஒட்டி நின்றால், சூடானதும் தண்டு நீண்டு, வால்வு உட்கார்ந்து மூடும் விளிம்பான சீட்டிலிருந்து அதைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். அதனால் ஒரு சிறு கேப் விட்டே ஆக வேண்டும். அந்தக் கேப்பைத் தாண்டி டேப்பெட் போய் இடிப்பது ஒரு சத்தம், ஸ்பிரிங் வால்வைச் சீட்டில் அறைவது இன்னொரு சத்தம். நான்கு சிலிண்டர், எட்டு வால்வு எஞ்சின் 2,000 ஆர்பிஎம்மில் ஓடினால் நிமிடத்துக்கு 8,000 முறை வால்வு மூடும், 8,000 முறை டேப்பெட் இடிக்கும். 1900 வாக்கில் இது இன்னும் மோசம். பல எஞ்சின்களில் இன்லெட் வால்வுக்கு கேமே (சுழன்று வால்வைத் தூக்கும் முட்டை வடிவப் பாகம்) கிடையாது. பிஸ்டன் உறிஞ்சும்போது அது தானாகத் திறந்து, தளர்வான ஸ்பிரிங்கில் படபடவென்று அடித்துக்கொள்ளும். எக்ஸாஸ்ட் வால்வு, ஸ்பிரிங், டேப்பெட் எல்லாம் எஞ்சினின் பக்கவாட்டில் மூடியே இல்லாமல் வெட்டவெளியில் இருந்தன. எண்ணெய் போகாது, தூசி போகும்.

இந்தச் சத்தம் பொறுக்காமல் போனவர்களில் ஒருவர் சார்லஸ் யேல் நைட். அவர் பொறியாளர் இல்லை, அச்சுத் தொழிலும் பத்திரிகையுமாக வாழ்ந்தவர், சிகாகோவில் பால்பண்ணைத் தொழிலுக்கான பத்திரிகை ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். 1901 வாக்கில் காற்றால் குளிரும் ஒற்றை சிலிண்டர் மூன்று சக்கரக் கார் ஒன்றை வாங்கினார். அதன் வால்வுச் சத்தம் அவரைப் படுத்தி எடுத்தது. முதலில் சிலிண்டரையே மேலும் கீழும் நகரவிட்டு, அதில் வெட்டிய துளைகள் திறந்து மூடுமாறு செய்துபார்த்தார். சரிப்படவில்லை. பிறகு எல்.பி. கில்போர்ன் என்பவர் பணம் போட, இரட்டை ஸ்லீவ் எஞ்சின் பிறந்தது. 1906-ல் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் 40 குதிரைசக்தி, நான்கு சிலிண்டர் 'சைலன்ட் நைட்' காரை 3,500 டாலர் விலையில் நிறுத்தினார்கள். அமெரிக்க நிறுவனங்கள் அன்றைக்குப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் சத்தமின்மையும் அதன் சாபமும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. சிலிண்டர் சுவருக்கும் பிஸ்டனுக்கும் நடுவே மெல்லிய வார்ப்பிரும்புக் குழாய்கள் இரண்டு, ஒன்றுக்குள் ஒன்றாக. பிஸ்டன் உள்குழாயில் ஓடும். உள்குழாய் வெளிக்குழாயில் சறுக்கும், வெளிக்குழாய் சிலிண்டர் சுவரில் சறுக்கும். பிஸ்டன்கள் சுற்றவைக்கும் முக்கிய ஷாஃப்டான கிராங்க்ஷாஃப்டின் பாதி வேகத்தில் சுற்றும் ஒரு சிறிய ஷாஃப்டில் ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு எக்சென்ட்ரிக் (மையம் தள்ளிய வட்டு), அதிலிருந்து ஒரு குட்டி கனெக்டிங் ராடு. அது குழாயை ஏறக்குறைய ஓர் அங்குலம் மேலும் கீழும் நகர்த்தும். குழாய்களில் நீளவாக்கில் இல்லாமல் குறுக்காகப் பிளவுகள் வெட்டியிருக்கும். இரண்டு குழாயின் பிளவும் சிலிண்டர் சுவரின் பிளவும் ஒரே நேர்கோட்டுக்கு வரும்போது பெட்ரோல் கலவை உள்ளே வரும். இன்னொரு பக்கத்தில் அதே விதமாகப் புகை வெளியே போகும். மேலே சிலிண்டர் ஹெட் ஒரு தொப்பி மாதிரி உள்குழாய்க்குள் இறங்கி நிற்கும், அதிலும் ரிங் போட்டிருக்கும், அழுத்தம் வெளியேறாமல் இருக்க.

இதில் ஸ்பிரிங் இல்லை, கேம் இல்லை, டேப்பெட் இல்லை. எந்தப் பாகமும் எதையும் போய் அடிப்பதில்லை. எல்லாம் ஆயில் படலத்தின் மேல் சறுக்கிக்கொண்டே போகிறது. எக்சென்ட்ரிக் ஷாஃப்டைச் சுற்றுவதற்கும் பல்சக்கரத்தை நம்பாமல் சத்தமில்லாச் செயினைப் பயன்படுத்தினார்கள். அந்தச் செயின் ஏற்கெனவே கையில் இருந்தது. சுவிட்சர்லாந்தில் பிறந்து மான்செஸ்டரில் தொழில் செய்த ஹான்ஸ் ரெனால்டு 1895-ல் கொண்டுவந்த தலைகீழ்ப்பல் செயின் அது. அதன் ஒவ்வொரு இணைப்பும் தனக்கே பல் உள்ள தகடு. தேய்ந்து செயின் கொஞ்சம் நீண்டாலும் பல்லின் மேல் சற்று ஏறி உட்கார்ந்துகொள்ளும். உருளைச் செயின் போல பள்ளத்தில் தொப்பென்று விழாது.

இங்கிலாந்தில் கவன்ட்ரி நகரத்து டைம்லர் நிறுவனம் 1908-ல் நைட்டின் உரிமத்தை எடுத்தது. பத்திரிகைகளில் கேலியும் சந்தேகமும் நிறைய வந்தன. குழாய்கள் சூட்டில் இறுகிப் பிடித்துக்கொள்ளும், ஆயிரம் மைல்கூட ஓடாது என்றார்கள். டைம்லர் தன் எஞ்சின்களை ராயல் ஆட்டோமொபைல் கிளப்பின் மேற்பார்வையில் 1909-ல் சோதனைக்கு விட்டது. சோதனை பெஞ்சில் 132 மணி நேரம் தொடர்ச்சியாகச் சுமையோடு ஓட்டினார்கள். பிறகு அதே எஞ்சின்களைக் காரில் ஏற்றி ப்ரூக்லண்ட்ஸ் ஓட்டப்பாதையில் ஏறக்குறைய 2,000 மைல். மறுபடி கழற்றி பெஞ்சில் போட்டார்கள். சக்தி குறையவில்லை. பிரித்துப் பார்த்தபோது சொல்லும்படியான தேய்மானமும் இல்லை. அந்த கிளப் தரும் டிவார் கோப்பை அந்த ஆண்டு டைம்லருக்குப் போனது. அதன் பிறகு பெல்ஜியத்தில் மினர்வா, பிரான்சில் பன்ஹார்ட், ஜெர்மனியில் மெர்சிடிஸ், அமெரிக்காவில் ஸ்டெர்ன்ஸ், வில்லிஸ் என்று வரிசையாக உரிமம் வாங்கினார்கள்.

ஆக, முதல் கேள்விக்குப் பதில்: ஆம், வால்வுச் சத்தம் என்ற அளவில் அது நிஜமாகவே அமைதியான எஞ்சின். ஆனால் வால்வுச் சத்தம் ஒழிந்ததும் இன்னொன்று நடந்தது. இந்த வேலையில் இருக்கிற எவருக்கும் தெரிந்த விஷயம்தான் அது. பெரிய சத்தம் போனதும் அதற்கு அடியில் மறைந்திருந்த சின்னச் சத்தங்கள் ஒவ்வொன்றாகக் காதில் விழத் தொடங்கும்.

டைம்லரின் ஆறு சிலிண்டர் எஞ்சின்களில் அப்படிக் காதில் விழுந்தது கிராங்க்ஷாஃப்டின் முறுக்கதிர்வு. நீளமான கிராங்க் பார்ப்பதற்குத்தான் கெட்டி. ஒவ்வொரு சிலிண்டர் வெடிக்கும்போதும் ஈரத்துணியைப் பிழிவது போல அது கொஞ்சம் முறுகி, பிறகு விடுபடும். குறிப்பிட்ட வேகங்களில் வெடிப்பின் தாளமும் கிராங்கின் இயல்பான அதிர்வும் ஒன்றுசேர்ந்துவிடும். அப்போது முன்முனை முன்னும் பின்னுமாகத் துடிக்கும், அதில் மாட்டியிருக்கும், வால்வு இயக்கத்தைச் சுற்றவைக்கும் டைமிங் கியரும் செயினும் கடகடவென்று அலறும், இன்னும் போனால் கிராங்க் உடையும். ஆறு சிலிண்டர் செய்யப் புகுந்த எல்லோரையும் இது ஆட்டிப்படைத்தது. ஹென்றி ராய்ஸ் தன் 40/50 மாடலில், பின்னாளில் சில்வர் கோஸ்ட் என்று பெயர் பெற்ற அதே காரில், கிராங்கின் முன்முனையில் நழுவக்கூடிய சிறு ஃப்ளைவீல் ஒன்றை வைத்து இதைத் தணித்தார். டைம்லரின் ஆலோசகராக 1909-ல் வந்த ஃபிரெடரிக் லான்செஸ்டர் எடுத்த வழி எனக்கு இன்னும் அழகாகத் தோன்றுகிறது. கிராங்கின் முன்முனையில் இறுக்கிய தட்டுகளுக்கு எதிரே, தனியாகச் சுற்றக்கூடிய கனமான சக்கரம். இரண்டுக்கும் நடுவே தடித்த ஆயில். கிராங்க் சீராகச் சுற்றும்போது சக்கரமும் கூடவே வரும். முறுக்கில் துடித்தால் சக்கரம் தன் கனத்தால் பின்தங்கும், ஆயில் அந்த வித்தியாசத்தைச் சூடாக மாற்றி விழுங்கிவிடும். இன்று ஆறு சிலிண்டர் எஞ்சினின் முன்பக்கப் புல்லியில் ரப்பர் வளையத்தோடு இருக்கும் டேம்பருக்கு மூதாதை இதுதான்.

லான்செஸ்டர் இன்னொன்றும் செய்தார். நான்கு சிலிண்டர் எஞ்சினில் பிஸ்டன்கள் கிராங்கின் இரண்டு மடங்கு வேகத்தில் ஓர் அதிர்வை எழுப்பும். கிராங்கில் எவ்வளவு எடை சேர்த்தாலும் அது போகாது. எதிரெதிராகச் சுற்றும் இரண்டு எடைகளை இரட்டை வேகத்தில் ஓட்டி அதைச் சமன் செய்தார். 1970-களில் மிட்சுபிஷி 'சைலன்ட் ஷாஃப்ட்' என்று விளம்பரப்படுத்தியது அதே தத்துவத்தின் மறுபிறப்பு. காரை ஓட்டுபவருக்கு இருக்கையிலும் ஸ்டியரிங்கிலும் தெரியும் உறுமல் பெரும்பாலும் இந்த அதிர்வுதான். அதை எஞ்சினுக்குள் தீர்க்காமல், ரப்பர் தாங்கிகளில் எஞ்சினைத் தொங்கவிட்டுச் சட்டத்துக்குப் போகாமல் தடுத்த குறுக்குவழி 1931-ல் கிரைஸ்லரின் 'ஃப்ளோட்டிங் பவர்'. மலிவான நான்கு சிலிண்டர் பிளிமத் காரை அது விலை உயர்ந்த கார் போல உணரவைத்தது. இதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். இவ்வளவு நல்ல எஞ்சின் ஏன் போனது?

ஆயில். சாதாரண எஞ்சினில் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே ஒரே ஒரு சறுக்குப் பரப்பு. நைட் எஞ்சினில் அதோடு இன்னும் இரண்டு பெரிய பரப்புகள். எல்லாவற்றுக்கும் ஆயில் போய்ச்சேர வேண்டும். கீழே கனெக்டிங் ராடுகள் ஆயில் தொட்டிகளில் முங்கி மேலே தெறிக்கவிடும். டைம்லர் அந்தத் தொட்டிகளை த்ராட்டிலோடு இணைத்து வைத்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் தொட்டி மேலே எழும்பும், அதிக ஆயில் தெறிக்கும். விட்டால் கீழே இறங்கும். நல்ல யோசனைதான். ஆனாலும் இறக்கத்தில் காலை எடுத்ததும் சிலிண்டருக்குள் உருவாகும் வெற்றிடம் குழாய்களுக்கு நடுவிலிருந்து ஆயிலை உறிஞ்சிக்கொள்ளும். மறுபடி மிதிக்கும்போது பின்னால் நீலப்புகை. இங்கிலாந்து அரசர் ஐந்தாம் ஜார்ஜின் டைம்லர்களும் ஸ்லீவ் வால்வுக் கார்கள்தான். சத்தமின்றி வந்து புகையோடு போவது அந்தக் கார்களின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

இதன் உச்சம் போர்க்களத்தில் நடந்தது. 1916 செப்டம்பரில் சோம் போரில் முதன்முதலாக இறங்கிய பிரிட்டிஷ் மார்க் 1 டாங்கியில் இருந்தது 105 குதிரைசக்தி டைம்லர்-நைட் எஞ்சின். 28 டன் இரும்பு ஊர்ந்து வரும்போது வால்வுச் சத்தம் இல்லாமல் போனதால் யாருக்கு என்ன லாபம்? ஆனால் எழும்பிய நீலப்புகை டாங்கி எங்கே நிற்கிறது என்று எதிரிக்குக் காட்டிக்கொடுத்தது. புகை வராத எஞ்சின் வேண்டும் என்ற தேவையில்தான் ஹாரி ரிக்கார்டோ 150 குதிரைசக்தி எஞ்சினை வடிவமைத்தார். அது 1918-ல் மார்க் 5 டாங்கியில் வந்தது. அதில் இருந்தவை சாதாரண பாப்பெட் வால்வுகள். இதே ரிக்கார்டோ பிற்பாடு விமான எஞ்சின்களுக்கு ஒற்றை ஸ்லீவ் வால்வை ஆதரித்தவர் என்பதையும் சொல்லிவிடுவது நியாயம்.

ஒற்றை ஸ்லீவ் என்பது வேறு கிளை. ஸ்காட்லாந்தின் ஆர்கில் நிறுவனத்தைச் சேர்ந்த பர்ட்டும், கனடாவைச் சேர்ந்த மெக்கொலமும் 1909 வாக்கில் தனித்தனியே உருவாக்கியது. ஒரே குழாய் மேலும் கீழும் போவதோடு பக்கவாட்டிலும் திரும்பும். குழாயின் ஒவ்வொரு புள்ளியும் நீள்வட்டம் போல ஒரு பாதையில் போவதால் ஆயில் நன்றாகப் பரவும். நைட் தரப்பு உரிமையை மீறியதாக வழக்குப் போட்டது. ஆர்கில் வென்றது, ஆனால் வழக்குச் செலவும் மற்ற நெருக்கடிகளும் சேர்ந்து 1914-ல் நிறுவனத்தைக் கவிழ்த்துவிட்டன. பிரிஸ்டல் நிறுவனம் இதே முறையை 1930-களில் விமான எஞ்சினுக்குக் கொண்டுபோய், ஹெர்குலிஸ் எஞ்சினாக ஆயிரக்கணக்கில் செய்தது. அங்கே சத்தம் ஒரு பொருட்டே இல்லை, அதிக அழுத்தத்தில் நல்ல மூச்சுக்காக எடுத்துக்கொண்டார்கள். சுழலும் வால்வு என்று இன்னொரு சோதனையும் 1911-12 வாக்கில் நடந்தது. இத்தாலியின் இட்டாலா, பிரான்சின் டராக் இருவரும் முயன்றார்கள். சூட்டில் விரியும் உருளையை அழுத்தம் கசியாமல் அடைத்து வைக்க அன்றைய உலோகங்களால் முடியவில்லை. டராக் நிறுவனத்துக்கு அது பெரிய நஷ்டத்தில் முடிந்தது.

புகை மட்டும் நைட் எஞ்சினைக் கொன்றுவிடவில்லை. அமெரிக்காவில் வில்லிஸ்-நைட் 1920-களில் நடுத்தர விலைக் காராக நன்றாகவே விற்றது. கரி படியப் படிய பிளவுகளின் ஓரங்கள் இன்னும் நன்றாக அடைபடும், ஓட ஓட எஞ்சின் மேம்படும் என்றே விளம்பரம் செய்தார்கள். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஏனென்றால் அந்த நாட்களின் பாப்பெட் எஞ்சினில் சில ஆயிரம் மைலுக்கு ஒருமுறை ஹெட்டைக் கழற்றிக் கரியைச் சுரண்டி, வால்வைத் தேய்ப்புப் பசை போட்டு கிரைண்ட் செய்ய வேண்டியிருந்தது. நைட்டின் உண்மையான பலம் சத்தமின்மையோடு இந்த வேலை இல்லாததும்தான். 1920-களில் நல்ல வால்வு எஃகு வந்தது, ஈயம் கலந்த பெட்ரோல் வந்தது, வால்வு வேலை குறைந்தது. அதே நேரத்தில் பாப்பெட் எஞ்சின் அமைதியாகவும் கற்றுக்கொண்டது. குழாய்களைத் துல்லியமாகக் கடைந்து பொருத்தும் செலவு மட்டும் குறையவில்லை. வில்லிஸ்-நைட் 1933-ல் நின்றது. டைம்லர் 1930-களின் நடுப்பகுதியில் விட்டது. பன்ஹார்ட் மட்டும் இரண்டாம் உலகப் போர் வரை பிடிவாதமாகத் தொடர்ந்தது.

பாப்பெட் எஞ்சின் அமைதியைக் கற்றுக்கொண்ட விதம் எனக்கு நைட் கதையைவிட சுவாரசியம், அதில் நாடகம் குறைவு என்றாலும். முதல் வேலை மிக எளிது: வால்வுப் பக்கத்தை ஒரு தகட்டால் மூடி, உள்ளே ஆயில் ஆவி சுற்றும்படி செய்தார்கள். பாதி எரிச்சல் அதிலேயே போனது. அடுத்தது டைமிங் கியர். நேர்ப்பல் சக்கரத்தில் ஒரு பல் முழுதாக விட்டபின் அடுத்த பல் முழுதாக அடிக்கும். சாய்வுப்பல்லில் ஒன்று விலகும்போதே அடுத்தது சேர்ந்துவிடும். அதற்கும் மேலே, துணி அடுக்குகளைப் பேக்கலைட் பிசினில் அழுத்திச் செய்த ஃபைபர் சக்கரம் வந்தது. எஃகுப் பல் ஃபைபர் பல்லைத் தொடும்போது கணீரென்று ஒலிப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. ஃபோர்டு மாடல் ஏ-யிலும் செவர்லே ஆறு சிலிண்டரிலும் இப்படித்தான் இருந்தது.

ஆனால் நிஜமான திருப்பம் கேமின் வடிவத்தில். ஆரம்ப கால கேம், வட்டத்திலிருந்து நேரே சரிவாக எழும். டேப்பெட் கேப்பைத் தாண்டும்போதே நல்ல வேகத்தில் போய் வால்வை இடிக்கும், மூடும்போதும் அதே வேகத்தில் சீட்டில் அறையும். பின்னால் வந்தவர்கள் சரிவின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு மெதுவான ஏற்றத்தைச் சேர்த்தார்கள். கேப் அளவைவிடச் சற்றே கூடுதலான உயரத்துக்கு மட்டும் இந்த மெது ஏற்றம் இருக்கும். டேப்பெட் அந்த மெதுவான பகுதியில் போய் வால்வைத் தொட்டு, கேப்பை மூடி, பிறகுதான் வேகம் எடுக்கும். மூடும்போதும் அந்தச் சரிவில் மெல்ல இறங்கி வால்வு உட்காரும். கண்ணுக்குத் தெரியாத ஒரு மயிரிழை வளைவு இது. வால்வு வேகத்தை மாற்றாமல் அடியின் வேகத்தை மட்டும் சில மடங்கு குறைத்துவிட்டது. கேப்பின் அளவு தவறினால் வால்வு இந்த மெதுச் சரிவில் விழாது, வேகச் சரிவில் விழும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மூன்றாவது கேள்விக்கு அது தேவைப்படும்.

கடைசிக் கட்டம் ஹைட்ராலிக். பிரான்சின் அமெதே பொல்லே 1910 வாக்கிலேயே இந்த யோசனையை முன்வைத்திருந்தார். விற்பனைக் காரில் பேர் பெற்றது 1930-ல் காடிலாக் வி-16-ல். அதில் வால்வை அழுத்தும் நெம்புகோலான ராக்கரின் அச்சில் ஒரு எக்சென்ட்ரிக் புஷ் இருக்கும். ஆயில் அழுத்தத்தில் நகரும் சிறு பிளஞ்சர் அதைத் திருப்பி, கேப்பை எப்போதும் பூஜ்யத்தில் வைத்திருக்கும். சில ஆண்டுகளில் பியர்ஸ்-ஆரோ அதை டேப்பெட்டுக்குள்ளேயே அடக்கியது. தண்டு சூடாகி நீண்டால் கொஞ்சம் ஆயில் கசிந்து இடம்விடும், குளிர்ந்தால் மறுபடி நிரம்பும். இடைவெளியே இல்லை, ஆனால் வால்வு மூடவும் தடையில்லை. நைட் எதைத் தேடினாரோ அது காளான் வால்வோடேயே கிடைத்துவிட்டது. நம் ஊரில் இந்த வித்தியாசத்தைக் காதாலேயே கேட்கலாம். பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டில் டேப்பெட் மூடியைத் திறந்து, வால்வுக்குத் தள்ளுதலைக் கொண்டுபோகும் கம்பியான புஷ்ராடை விரலால் சுற்றிப்பார்த்துத்தான் மெக்கானிக் அளவு வைப்பார். 2008-09 வாக்கில் வந்த யூசிஇ எஞ்சினில் (எஞ்சினும் கியர்பெட்டியும் ஒரே கூட்டில் அமைந்தது) அந்த வேலையே இல்லை, அதில் ஹைட்ராலிக் டேப்பெட். ராத்திரி முழுக்க நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததும் சில நொடி டக்டக் கேட்டு மறைந்தால், ஆயில் நிரம்பிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

வால்வைத் தவிர ஒரு சத்தம் உங்கள் காரில் இருக்க வாய்ப்பு அதிகம்: பிஸ்டன் ஸ்லாப். 1920-களில் வார்ப்பிரும்பு பிஸ்டனை விட்டு அலுமினியத்துக்கு மாறினார்கள். எடை குறைந்தது, வேகம் கூடியது. ஆனால் அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். சூட்டில் சரியாக இருக்க, குளிர்ச்சியில் தளர்வாக விட வேண்டியிருந்தது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் பிஸ்டன் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாகச் சாய்ந்து அடிக்கும். இதற்கு பிஸ்டனின் பாவாடைப் பகுதியைப் பிளந்தார்கள். பிறகு சூட்டில் கிட்டத்தட்ட விரியாத இன்வார் உலோகத் தகடுகளை உள்ளே பதித்து வார்த்தார்கள். இன்வாரைக் கண்டுபிடித்த கியோம் அதற்காக 1920-ல் இயற்பியல் நோபல் வாங்கியவர். பிஸ்டன் பின்னை நடுவிலிருந்து ஒன்றிரண்டு மி.மீ. தள்ளி வைப்பதும் பின்னால் வழக்கமானது. பத்து நிமிடம் ஓடியதும் சத்தம் போய்விட்டால் அதை விட்டுவிடுங்கள். சூடானபிறகும் இருந்தால்தான் சிலிண்டரின் உட்சுவர் தேய்ந்திருக்கிறது.

இனி டேப்பெட். கேப்பை இறுக்கினால் சத்தம் குறைவது உண்மை. ஆனால் எக்ஸாஸ்ட் வால்வின் தலை தன் சூட்டில் பெரும்பகுதியைச் சீட்டில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான் கைமாற்றுகிறது. கேப் பற்றாமல் வால்வு முழுதாக உட்காராவிட்டால் சூடு போக வழியில்லை, வெடித்த வாயுவும் அந்த விளிம்பு வழியே பீறிடும். சில நூறு கிலோமீட்டரிலேயே விளிம்பில் ஒரு வாய்க்கால் எரிந்துவிடும். அதனால்தான் பழைய மெக்கானிக்குகள் டேப்பெட் கொஞ்சம் பேசட்டும் என்று விடுவார்கள்.

மேனுவல் சொல்லும் அளவையே வைத்தும் சத்தம் போகவில்லை என்றால், இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் உங்களை ஏமாற்றிக்கொண்டிருக்கலாம். ராக்கரின் நுனியோ டேப்பெட்டின் முகமோ பல வருடம் ஓடியதில் நடுவில் குழிந்திருக்கும். கேஜின் தட்டையான தகடு அந்தக் குழியின் இரண்டு கரையிலும் உட்கார்ந்து, சரியான அளவு என்று காட்டும். வால்வுத் தண்டு தொடுவதோ குழியின் அடியில். நீங்கள் வைத்தது 0.15 மி.மீ. என்றால் நிஜத்தில் அது 0.25 ஆக இருக்கலாம். அப்போது வால்வு கேமின் மெதுச் சரிவைத் தாண்டி வேகச் சரிவில் அடிக்கிறது. முகத்தைச் சமமாக கிரைண்ட் செய்துவிட்டு அதே அளவை மறுபடி வையுங்கள், சத்தம் பெரும்பாலும் அங்கேயே அடங்கிவிடும். முகத்தின் கடினப்படுத்திய தோல் மெல்லியது. அதைத் தாண்டி கிரைண்ட் செய்தால் சில வாரத்தில் மறுபடி குழியும்.

டைமிங் பக்கம் கிர்ர் என்று கேட்டால், உங்கள் எஞ்சினில் ஃபைபர் சக்கரம் இருந்த இடத்தில் முன்னால் யாராவது உலோகச் சக்கரம் மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். ஃபைபர் பல் உதிர்ந்தால் வண்டி நடுவழியில் நின்றுவிடும் என்ற பயத்தில் பலர் இப்படிச் செய்வார்கள். நீண்ட பயணத்துக்கு அது சரிதான், சத்தத்துக்குத்தான் விலை. எது எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எதையும் கழற்ற வேண்டாம். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை டேப்பெட் மூடியிலும் டைமிங் மூடியிலும் சிலிண்டர் பக்கத்திலும் மாறி மாறி வைத்து, பிடியைக் காதோரம் வைத்துக் கேளுங்கள். ஃபேன் பெல்ட்டிலிருந்து கையும் துணியும் தள்ளி இருக்கட்டும். கேமின் சத்தம் எஞ்சின் வேகத்தில் பாதித் தாளத்தில் வரும், பிஸ்டன் ஸ்லாப்பும் பேரிங்கும் முழுத் தாளத்தில். ஒரு சிலிண்டரின் பிளக் வயரை எடுத்ததும் சத்தம் மாறினால் அது அந்த சிலிண்டரின் பிஸ்டன் அல்லது பேரிங். மாறாமல் அப்படியே இருந்தால் வால்வுப் பக்கம் போகலாம்.

ஃபீலர் கேஜைக் கையில் எடுக்கும் முன், மேனுவலில் இருக்கும் அளவு எஞ்சின் சூடாக இருக்கும்போதா குளிர்ச்சியாக இருக்கும்போதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். சூட்டு அளவைக் குளிர்ச்சியில் வைத்துவிட்டு, எக்ஸாஸ்ட் வால்வு எரிந்துவிட்டது என்று வருகிறவர்கள் நிறைய.